கை நடுக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்

கேள்வி: மனச்சோர்வுக்காகப் பத்து நாட்களாகச் செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கடத்தும் புரதத்தை இது அடைத்துவிடும், பிறகு மாத்திரை இல்லாமல் மூளை இயங்காது என்று இணையத்தில் படித்தேன். குமட்டுகிறது, மனமும் தெளியவில்லை. ரத்தத்தில் செரட்டோனின் அளவைப் பார்க்கலாமா? முதுகுவலிக்கு வீட்டில் மிச்சமிருந்த டிரமடாலும், இருமல் மருந்தும் எடுக்கிறேன். அதன் பிறகு கை நடுங்குகிறது.

மருத்துவர் பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நடுக்கம்தான் அவசரம். செர்ட்ராலின் தடுக்கும் அதே புரதத்தை டிரமடாலும் தடுக்கும். பல இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் அப்படித்தான். மூன்றும் சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறிப் போகலாம். யாரைக் கேட்டு டிரமடாலை எடுத்தீர்கள்? அதையும் இருமல் மருந்தையும் இனித் தொடாதீர்கள். மாத்திரை அட்டைகளையும் மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, அடுத்த வேளை செர்ட்ராலினைப் போடும் முன் இன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், கொட்டும் வியர்வை, இருப்புக்கொள்ளாத பதற்றம், கால் தசை விறைப்பு, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத்தில் முற்றக்கூடிய நிலை இது. அங்கே உங்கள் பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பார்ப்பார்கள். கணுக்கால் தொடர்ந்து வெட்டி வெட்டி உதறினால், செரட்டோனின் அளவு மீறிவிட்டது என்ற சந்தேகம் வலுக்கும்.

மூளை பழுதாகிவிடும் என்ற பயத்தை விடுங்கள். ஒரு நரம்பணு வெளியிட்ட செரட்டோனின் தன் வேலையை முடித்ததும், அதே அணுவின் சவ்விலுள்ள கடத்திப் புரதம் சோடியத்தின் உந்துதலால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே அது மறுபடி பயன்படும். மாத்திரை இந்தப் புரதத்தில் ஒட்டி இழுப்பைக் குறைக்கிறது, புரதத்தை அழிப்பதில்லை. மருந்து உடலை விட்டு நீங்கியதும் புரதம் மீண்டும் வேலை செய்யும். தடுப்பு முதல் நாளே தொடங்கினாலும், அதற்கேற்ப நரம்பணுக்கள் மெல்லத்தான் மாறுகின்றன. மனம் தெளியச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிகிச்சை முடியும்போது மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போலிருக்கும். அதை மூளை பழுதானதற்கு அடையாளமாகக் காட்டித்தான் இணையத்தில் பயமுறுத்துகிறார்கள்.

குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கும். மாத்திரையை உணவோடு சாப்பிடலாம். ரத்தப் பரிசோதனை வேண்டாம். ரத்தத்திலுள்ள செரட்டோனின் குடலில் உருவாகித் தட்டணுக்களில் தங்குவது. அது மூளைக்குள் நுழையாது. மூளையின் நிலையையும் சொல்லாது.