வீட்டில் கிடைத்த பழைய நாணயங்கள் கறுத்துப்போயிருக்கின்றன. எப்படிப் பளபளப்பாக்குவது? விற்றால் எவ்வளவு தேறும்?

தேய்க்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம், முதலில் கையிலிருக்கும் பற்பசையையும் எலுமிச்சம்பழத்தையும் கீழே வையுங்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. பரணையோ பீரோவையோ ஒழிக்கும்போது ஒரு தகர டப்பா அகப்பட்டிருக்கும். தாத்தாவோ பெரியப்பாவோ சேர்த்து வைத்தது. அவர் இருந்த காலத்தில் "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்" என்று எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இப்போது யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள், பழைய காசு ஒன்று இருந்தால் வீடே வாங்கலாம் என்று. அதனால் டப்பா கீழே இறங்கியிருக்கிறது. நான் நினைத்தது தப்பென்றால் மன்னியுங்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டு என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தார்கள்.

எனக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. என்னிடம் ஒரு மரியா தெரசா தாலர் இருந்தது. இன்னும் இருக்கிறது, ஆனாலும் இருந்தது என்றுதான் வாயில் வருகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா 1780இல் காலமானார். ஆனால் அவர் முகம் போட்ட வெள்ளிக் காசை எத்தியோப்பியாவிலும் அரேபியாவிலும் இருந்த வியாபாரிகள் விடுவதாக இல்லை. வேறு காசைக் கொடுத்தால் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தார்கள். அதனால் அரசி போன பிறகும் அதே முகம், அதே 1780 என்ற வருடம் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமா? ரோம், லண்டன், பம்பாய் நாணயச்சாலைகள் வரை அடித்தன. 28 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை, ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி. வருடத்தை நம்பிப் பயனில்லை என்பதால், நம் கையில் இருப்பது எந்தக் காலத்தில் எந்த ஊரில் அடித்தது என்பதை அரசியின் தோளில் குத்தியிருக்கும் ப்ரூச்சின் முத்துகளையும், பின்பக்கத்துக் கழுகின் வால் இறகையும், விளிம்பில் எழுத்துகளுக்கு இடையே வரும் அலங்காரத்தையும் லென்ஸில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஒரே ஒரு காசோடு போய்விடும். நன்றாகவும் போகும்.

என்னுடையது நல்ல சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. விளிம்போரத்தில் மட்டும் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு வளையம். யாரும் பூசியதில்லை, எங்கோ ஒரு காகித உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்து தானாக வந்த நிறம்.

அந்தச் சமயத்தில் என் மாமனார் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுவார், கதவு கிறீச்சென்றால் எண்ணெய் விடுவார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை (அவர் மகளும் இதைப் படிப்பாள்). சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது மேஜைமேல் பழைய துண்டை விரித்து, என் வெள்ளிக் காசுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்க மாப்பிள்ளை, எவ்வளவு அழுக்கு! தேய்க்கத் தேய்க்கக் கறுப்பா வருது."

ஆதாரத்துக்குத் துணியையும் விரித்துக் காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது. அவர் அழுக்கு என்று சொன்னது காற்றிலிருக்கும் கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. அதாவது காசின் மேல்தோலே அதுதான். தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் சேர்ந்துதான் போகும். என் தாலரின் மேல்தோல் அந்தத் துணியில் இருந்தது.

"ரொம்ப நன்றி மாமா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு லென்ஸை எடுத்துப் பார்த்தேன். அரசியின் கன்னத்தில் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள். ப்ரூச்சின் முத்துகளில் மேடு மழுங்கியிருந்தது. ஊதா வளையம் போன இடம் தெரியவில்லை. இன்னொன்றும் போயிருந்தது. காசு அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் பதிந்துவிடும். நல்ல காசை விளக்குக்குக் கீழே சாய்த்து மெதுவாகத் திருப்பினால் வெளிச்சம் சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றி வருவது இதனால்தான். பாலிஷ் போட்டால் அந்தக் கோடுகள் மழுங்கிவிடும். பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளை வெளிச்சம், சுற்றாத வெளிச்சம். திரும்ப அதை யாராலும் கொண்டுவர முடியாது. இருபது வருடம் உறையில் போட்டு வைத்தால் மறுபடி கறுக்கும், அவ்வளவுதான்.

"கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய மறுபதிப்புத் தாலருக்கா இவ்வளவு புலம்பல்" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். தெரியும் ஐயா. அது அரிய காசு இல்லை, பெரிய விலையும் இல்லை. அரிதாக இருந்திருந்தால் பூட்டி வைத்திருப்பேன். விலை குறைந்த பொருள் கெட்டால் வருத்தப்படக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

உங்களுக்கு விலைதான் முக்கியம் என்றால் அதற்கும் இதே பதில்தான். காசின் நிலையை 1 முதல் 70 வரை எண் போட்டு மதிப்பிடும் முறையை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக உருவாக்கியது. தரம் பார்த்துச் சீல் வைத்துத் தரும் நிறுவனங்களிடம் தேய்த்த காசைக் கொடுத்தால் வழக்கமாக அந்த எண்ணே போட மாட்டார்கள். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் அந்த வரியைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். ஆக நீங்கள் கஷ்டப்பட்டுத் தேய்ப்பது உங்கள் பணத்தைத்தான்.

சரி, எதுவுமே செய்யக் கூடாதா? செய்யலாம். வெறும் மண், தூசி என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, எடுத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி உலர்த்துங்கள். ஒற்றவேண்டும், துடைக்கக் கூடாது. பிசுபிசுவென்று பச்சையாக ஒட்டியிருந்தால் அது பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. அந்த மிருதுவான உறைகள் நாளானால் கசிந்து காசை அரிக்கும். அதற்குத் தூய அசிட்டோன் போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். செம்புக் காசில் இருப்பது கெட்டியாக, வழவழப்பாக ஒட்டிய பச்சை என்றால் அப்படியே விடுங்கள். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது உப்பில் வந்த அரிப்பு, காசை உள்ளே தின்றுகொண்டே போகும். அதை மட்டும் தனியே பிரித்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்கிறார்களே என்று கேட்காதீர்கள். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த காசை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்வது வேறு, துண்டை விரித்துக்கொண்டு நாம் செய்வது வேறு.

அடுத்து, எவ்வளவு தேறும். பழசு என்றாலே விலை என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நான்காம் நூற்றாண்டு ரோமானியப் பேரரசின் சின்ன வெண்கலக் காசுகள் 1600, 1700 வருடம் பழையவை, ஆனால் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் புதிதாகச் சேர்ப்பவர்களே வாங்குகிறார்கள். ஜப்பானில் ஷோவா 64ஆம் ஆண்டு 1989 ஜனவரி 1 முதல் 7 வரை ஏழே நாள்தான் இருந்தது, பேரரசர் இறந்ததும் புது ஆண்டுக்கணக்கு தொடங்கிவிட்டது. ஏழு நாள் வருடத்துக் காசு என்றால் எவ்வளவு அரிதாக இருக்கும் என்று தோன்றுகிறதா? 10 யென் காசு அந்த வருடம் போட்டுக் கோடிக்கணக்கில் இருக்கிறது. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இவைதான் கணக்கு.

கையோடு ஒரு காந்தமும் சின்னத் தராசும் வைத்துக்கொள்ளுங்கள். 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா தன் சென்ட்டை துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. தவறுதலாகச் செம்புத் தகட்டில் அடிபட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைப் போல இருக்கட்டும் என்று எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறவர்கள் நிறைய. காந்தத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. அச்சில் வார்த்த போலி வெள்ளிக் காசுகளில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், மேற்பரப்பில் சின்னச் சின்னக் குமிழ்ப் புள்ளிகளும் தெரியும். அந்த வீடியோக்காரர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். "உங்கள் காசை நாங்கள் வாங்குகிறோம், பதிவுக்கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று எவனாவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வாங்குகிறவன் எதற்குக் காசு கேட்கிறான்?

நான் விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்லலாம்தான். அந்தத் தடிமனான உலக நாணயக் கேட்லாக் இப்போது என்னிடம் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர் "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். வேலை மாறினார், வீடு மாறினார், போன் நம்பர்கூட மாறிவிட்டது. பணம் கடன் வாங்கினால் ஊரே ஒரு மாதிரி பேசும், புத்தகம் வாங்கித் திருப்பாதவனை மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஓரங்களில் பென்சிலால் நான் எழுதிவைத்த குறிப்பெல்லாம் அதில்தான். புதுப் பதிப்பு வாங்கலாமே என்பீர்கள். என் குறிப்பை எந்தப் பதிப்பகம் அச்சடிக்கிறது? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று எனக்கே தெரிகிறது, விடுங்கள்.

விலையும் இல்லை, பளபளப்பும் கூடாது என்றால் இதை ஏன் வைத்துக்கொண்டு மாரடிக்கிறீர்கள் என்று கேட்கலாம். அந்த டப்பாவை விற்பதற்கு முன்னால் ஒரு நாள் மட்டும் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எடைக்கு வாங்கிய கலவைக் காசைக் கொட்டிப் பிரிப்பதுதான் எனக்கு இதிலேயே பிடித்த வேலை. முக்கால்வாசி ஏற்கெனவே இருக்கிறதாகவே வந்து எரிச்சலூட்டும். திடீரென்று கையில் கனமே இல்லாத ஒன்று வரும், அலுமினியம், கிழக்கு ஜெர்மனியின் பென்னிக். அந்த நாடே இப்போது இல்லை. அரபு எழுத்துக் காசு வந்தால் வருடம் படிக்க வேண்டும். அதில் புள்ளிதான் சைபர், நாம் சைபர் என்று நினைப்பது ஐந்து, ஆங்கில V போல இருப்பது ஏழு. படித்துவிட்டால் அது பெரும்பாலும் ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமியச் சந்திர ஆண்டுக்கணக்கு. அந்த ஆண்டு 354 நாள் கணக்கு என்பதால் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1400 என்று இருந்தால் 1980 வரும், ஏறத்தாழ சரியாக இருக்கும். பழைய வெள்ளி வர்த்தக டாலர்களில் சீன வியாபாரிகள் வெள்ளியைச் சோதித்து ஆளாளுக்குக் குத்திய சின்ன முத்திரைகள் இருக்கும். சிலர் அதைச் சேதம் என்று ஒதுக்குவார்கள், எனக்கு அந்தக் குத்து விழுந்ததுதான் வேண்டும்.

வீட்டில் இதைக் காட்டப் போனால் "ம்ம், நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதுவும் பழகிவிட்டது. மாமாதான் இப்போது வந்தால் "தேய்க்காம பார்க்கலாமா மாப்பிள்ளை" என்று கேட்டு, லென்ஸை வாங்கிக்கொண்டு உட்காருகிறார். விளிம்பைப் பிடித்துத் தூக்கவும் பழகிவிட்டார்.

உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். காசுக் கட்டுகளில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. மிருதுவான பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள். டப்பாவில் தாத்தா எழுதிய சீட்டு ஏதாவது இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள், எங்கே வாங்கினார் என்ற விவரம் அதில் இருக்கலாம். அப்புறம் படம் எடுத்து இங்கே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வேண்டும், விளிம்பும் வேண்டும், எடை தெரிந்தால் அதுவும் வேண்டும். தலைப்பக்கத்தை மட்டும், அதுவும் உள்ளங்கையில் வைத்து மங்கலாக எடுத்துப் போட்டுவிட்டு "இது எவ்வளவு போகும்" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.