பத்தாம் வகுப்புக்காக நீச்சலை நிறுத்தலாமா?

மகள் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், நீச்சலை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. உங்கள் சிரமம் புரியாமல் சொல்லவில்லை. விடியுமுன் பெங்களூர் அல்சூரிலிருந்து பசவனகுடி நீச்சல்குளம், காரிலேயே இட்லி, ஈரத்தலையோடு பள்ளிக்கூடம், மாலை டியூஷனில் தூக்கம்... நம்மூர்ப் பெற்றோர் பலர் இதே கதையோடுதான் என்னிடம் வருகிறார்கள்.

நாலைந்து மாதம் தண்ணீரை விட்டால் பழைய டைமிங்குக்குத் திரும்புவது பெரும்பாடு. இந்த வயதில் நிறுத்துகிற பெண் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பி வருவதே இல்லை. கோச்சிடம் பேசி, டிசம்பரிலிருந்து மாலைப் பயிற்சியை மட்டும் விட்டுவிடுங்கள். தேசியப் போட்டியும் பொதுத்தேர்வும் ஒரே நாளில் வந்தால், வேறு தேதியில் எழுத சி.பி.எஸ்.இ. வழி வைத்திருக்கிறது. பள்ளி மூலமாக, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, நீந்திச் சோறு கிடைக்குமா? பந்தயத்தில் வரும் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இதை மகளிடமும் ஒளிக்காதீர்கள். ஆனால் வழிகள் உண்டு. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் இரண்டு ஒலிம்பிக் போனவர், கேரளக் காவல்துறையில் வேலை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நீந்திய நிஷா மில்லட் இதே பெங்களூரில் நீச்சல் பள்ளி நடத்துகிறார். ஒலிம்பிக் வரை போகாதவர்களுக்கும் ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. பயிற்சியாளராக விரும்பினால் பஞ்சாபில் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ படிக்கலாம். படிப்பும் கைவசம் இருந்தால் இன்னொரு கதவு: சென்னை ஐ.ஐ.டி. 2024 முதல் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடம் தருகிறது. அதற்கும் ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேற வேண்டும். அதனால் பதினொன்றில் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கிளப் போட்டிப் பதக்கங்கள் வீட்டு ஷோகேசுக்குத்தான். மத்திய அரசு வேலைக்கு, நாட்டின் சார்பில் சர்வதேசப் போட்டியிலோ மாநிலத்தின் சார்பில் தேசியப் போட்டியிலோ நீந்தியதற்கோ, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கோ, தேசியப் பள்ளி விளையாட்டுக்கோ தான் மதிப்பு. அப்புறம் பெயர். நமக்கு இனிஷியல் வழக்கம். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, சான்றிதழில் ஒற்றை எழுத்து, பள்ளிப் பதிவில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், பத்து வருட உழைப்பு சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் சிக்கிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறும் பெயர்தான் கடைசிவரை கூட வரும். தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியலைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்புவதற்குள் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது தேசிய அளவில் இறுதிச்சுற்றுக்குள் வருகிறாளா என்று பார்ப்போம். வந்தால், விளையாட்டுக்கு விட்டுக்கொடுக்கிற கல்லூரியாகத் தேடலாம். வராவிட்டால் பயிற்சியைக் குறைத்துப் படிப்பைக் கூட்டலாம். அந்த முடிவை அவளே எடுக்கட்டும். இப்போதைக்கு, அவளையும் கோச்சையும் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி அட்டவணையை மட்டும் பேசி முடியுங்கள். அடுத்த முறை வரும்போது அதையும் சான்றிதழ் ஃபைலையும் எடுத்து வாருங்கள்.