‘அட்ரஸ்’ என்றால் முகவரி மட்டும்தானா?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்குப் புகார் எழுதியிருந்தேன். ‘வி வில் அட்ரஸ் யுவர் கம்ப்ளெயின்ட் ஷார்ட்லி’ என்று பதில் வந்தது. முகவரி தேவைப்படுகிறது போல என்று வீட்டு முகவரியை அனுப்பிவைத்தேன். உடன் வேலை செய்பவர்கள் சிரித்துவிட்டார்கள். பெயராகவும் வினையாகவும் வரும் இந்த மாதிரிச் சொற்களை எப்படிப் படிப்பது? 3000 சொற்களை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பு ஒன்று இருக்கிறதாம். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த வரிக்கு ‘உங்கள் புகாரை விரைவில் கவனிக்கிறோம்’ என்று பொருள். கவனிப்பார்களா என்பது வேறு கதை. ‘அட்ரஸ்’ அங்கே வினை என்பதைக் காட்டிக்கொடுப்பது முன்னால் நிற்கும் ‘வில்’. வில், கேன், மஸ்ட், ஷுட் இவற்றை அடுத்து வந்தால் வினை. எ, தி, மை, யுவர் இவற்றை அடுத்து வந்தால் பெயர். ‘யுவர் நியூ அட்ரஸ்’ என்று நடுவில் ஒரு சொல் புகுந்தாலும் அது பெயர்தான். ‘வில்’லுக்கே உயில் என்றொரு பொருள் உண்டே என்று கிளம்பாதீர்கள். இப்போதைக்கு அது வேண்டாம்.

தமிழிலும் இப்படிச் சொற்கள் உண்டு. ‘படி’ என்றால் ஏறும் படியும்தான், வாசி என்பதும்தான். ஆனால் ‘படியில்’, ‘படித்தேன்’ என்றதும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்ளும் வால் சொல்லிவிடுகிறது. பழைய ஆங்கிலத்துக்கும் அந்த வால் இருந்தது: அன்பு ‘லுஃபு’, அன்பு செய்வது ‘லுஃபியன்’. காலப்போக்கில் வால்கள் உதிர்ந்து இரண்டும் ‘லவ்’ என்று ஆகிவிட்டன. அதனால் இன்றைய ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கூகுள் என்ற நிறுவனப் பெயரையே வினையின் இடத்தில் வைத்துப் பேசிப் பேசி, 2006-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் அது வினையாக ஏறிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ‘டு’ வந்தால் அடுத்தது வினை என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். பாதிதான் சரி. ‘ஐ வாண்ட் டு வொர்க்’ என்பதில் ‘வொர்க்’ வினை, வேலை செய்ய விரும்புகிறேன். ‘ஐ கோ டு வொர்க்’ என்பதில் அதே ‘வொர்க்’ பெயர், வேலைக்குப் போகிறேன். சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ கோ டு இட்’ நிற்கும், ‘ஐ வாண்ட் டு இட்’ நிற்காது. நின்றால் அந்த இடம் பெயருக்குரியது. அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதித் தள்ளுகிறார்களே, அந்தப் பிழை இங்கேதான் பிறக்கிறது. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறது அல்லவா? ஆகவே அங்கே ‘மீட்டிங் யூ’ என்று எழுத வேண்டும். ‘டு யுவர் விசிட்’ என்றாலும் சரி, ஏனென்றால் அந்த ‘விசிட்’ பெயர். பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட இதில் சறுக்குவதைப் பார்க்கிறேன்.

இப்போது அந்த வகுப்பு. ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற சொற்பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் அது பெயரா வினையா, இரண்டுமா என்ற குறிப்பு இருக்கும். இந்த மாதிரிப் பட்டியலை எடுத்து, குறிப்பை வெட்டி, சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் ஒட்டி, பிடிஎஃப் ஆக்கிக் காசு பார்ப்பவர்கள் நிறைய. அட்ரஸ் என்றால் முகவரி, புக் என்றால் புத்தகம், அவ்வளவுதான். பாடநூலின் கடைசிப் பக்கச் சொற்பொருளும் இதே லட்சணம்தான். பெயர்ச்சொல்லுக்கு இலக்கணம் கேட்டால் மாணவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார், மதிப்பெண்ணும் விழும். ஒரு வரியைக் கொடுத்து இதில் பெயர் எது என்றால் விழிப்பார். இதற்குப் பேர் இலக்கண வகுப்பாம்.

கேம்பிரிட்ஜ், லாங்மன் போன்றவற்றின் மாணவர் அகராதிகளையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சொல்லைத் தேடியதும் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். பெயர் என்ற பகுதிக்குக் கீழே போனால் வினை என்ற பகுதி இருக்கும். இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு முழு வாக்கியத்தை நோட்டில் எழுதுங்கள். தனிச் சொல்லாக எழுதவே எழுதாதீர்கள். ‘அட்ரஸ்’ஸின் அடிப்படைக் கருத்து, ஒன்றை நோக்கிச் செலுத்துவது. கடிதத்தை ஒருவருக்குச் செலுத்தினால் முகவரி எழுதுவது, பேச்சைக் கூட்டத்தை நோக்கிச் செலுத்தினால் உரையாற்றுவது, கவனத்தைப் பிரச்சினைமேல் செலுத்தினால் உங்களுக்கு வந்த அந்த வரி. இப்படிக் கோத்துப் பார்த்தால் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பேசும்போது மட்டும் இன்னொரு விஷயம். ரெக்கார்ட், ஆப்ஜெக்ட், ப்ரெசன்ட் போன்ற சில ஈரசைச் சொற்கள் பெயரானால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில்: ரிகார்ட், அப்ஜெக்ட், ப்ரிசென்ட். ரிப்போர்ட், விசிட் மாறாது. ‘அட்ரஸ்’ பிரிட்டிஷ் உச்சரிப்பில் இரண்டுக்கும் ஒன்றுதான். அமெரிக்கர்கள் பலர் முகவரிக்கு மட்டும் முதல் அசையை அழுத்துவார்கள். நீங்கள் எப்படிச் சொன்னாலும் புரியும்.