எத்தனால் கலந்த பெட்ரோல்: மைலேஜ் குறைகிறது என்று காரை விற்கலாமா?

கேள்வி: என் காருக்கு ஒன்பது வயது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டபோது லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தது. இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள், 15தான் வருகிறது. கலக்காத பெட்ரோல் ஒரு பெட்ரோல் பங்கில் கிடைக்கிறது, ஆனால் விலை 15 சதவீதம் அதிகம். அதற்கு மாறுவதா, எத்தனாலுக்கென்று விற்கும் பாதுகாப்புத் திரவத்தை ஊற்றுவதா, அல்லது காரையே விற்றுவிடுவதா? சேமிப்பில் கொஞ்சம் எடுத்து எத்தனால் கம்பெனிப் பங்குகளில் போட்டு, பெட்ரோல் பங்கில் விட்டதைச் சந்தையில் பிடிக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

பதில்: கடைசி யோசனையைப் படித்துச் சிரித்தேன், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் 18ஐயும் 15ஐயும் பார்ப்போம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எத்தனாலில் 21 சொச்சம்தான், மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலவையில் 30.9 வரும், 20 சதவீதக் கலவையில் 29.8. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியதில் நீங்கள் இழந்தது 3.5 சதவீதம். அதாவது 18 இருந்த இடத்தில் 17.4 வரவேண்டும். பழைய எஞ்சின் என்பதால் இன்னும் தாராளமாகவே கணக்குப் போடலாம். இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கை, இந்தக் கலவைக்கென்று வடிவமைக்காத நான்கு சக்கர வாகனங்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பைச் சொல்கிறது. அதையே முழுசாக எடுத்துக்கொண்டாலும் 16.7க்குக் கீழே போகக் காரணமில்லை. உங்களுக்கு 15 வருகிறது. மிச்சத்தை வேறு யாரோ குடிக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. டேங்கை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிவிட்டு அதே பங்கில் திரும்ப நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இப்படி மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். டாஷ்போர்டில் மின்னும் எண்ணை நம்பாதீர்கள். அது பல கார்களில் கொஞ்சம் பெருமை பேசும். நான் கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டே வைத்திருக்கிறேன், வீட்டில் கேலி செய்வார்கள். கூடவே டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக், இவற்றையும் பார்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் குறுகிய தூரப் பயணங்களில் ஏசி மட்டுமே மைலேஜில் கால் பங்கு வரை தின்றுவிடும்.

இனி கலக்காத பெட்ரோல். 20 சதவீதக் கலவைக்கு 100 கொடுக்கிறீர்கள் என்றால், அதே தூரம் ஓடக் கலக்காததற்கு 107 வரை கொடுக்கலாம். உங்களிடம் 115 கேட்கிறார்கள். அந்தக் கூடுதல் 8க்கு ஒரு கிலோமீட்டர்கூட அதிகம் வராது. லிட்டர் விலையை மறந்துவிட்டு, கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று மட்டும் கேளுங்கள். பிரேசில்காரர்கள் இதை வாய்ப்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பெட்ரோல், எத்தனால் இரண்டிலும் ஓடும் கார்கள் அங்கே 2003லிருந்து விற்பனையில் இருக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். பங்கில் நின்றபடியே மனக்கணக்கில் முடிந்துவிடும்.

பாதுகாப்புத் திரவம் வேண்டாம். இல்லாத ஆற்றலை எந்த பாட்டிலும் உள்ளே கொண்டுவராது. பழைய வண்டிக்கு ரப்பர் கவலை இருக்கிறது, அது நியாயமானது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். என் பழைய ஸ்கூட்டர் சில மாதம் நின்றபின் கிளம்ப மறுத்தபோது, மெக்கானிக் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார்: அடியில் வெள்ளையாக ஒரு படிவு, பக்கத்தில் ஊறி உப்பிய ரப்பர் குழாய். குழாயை மாற்றினோம், ஒரு டேங்க் நிரப்பும் செலவுகூட ஆகவில்லை. உங்கள் காரின் கையேட்டில் எத்தனால் வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். 10 என்று இருந்தால், அடுத்த சர்வீஸில் எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் பார்க்கச் சொல்லி, மாற்றுவதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள்.

"பிறகு எதற்காகத்தான் கலக்கிறார்கள்?" என்ற எரிச்சல் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. பல கணக்குகள் உண்டு, எதுவும் உங்கள் பர்ஸைப் பார்த்துப் போட்டதல்ல. பிரேசில் 1975ல் தொடங்கியது, 1973 எண்ணெய் நெருக்கடியில் இறக்குமதிச் செலவு கழுத்தை நெரித்ததால். அமெரிக்காவில் பெட்ரோலில் சேர்த்துவந்த எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் கலந்ததால் அந்த இடத்துக்கு எத்தனால் வந்தது. 2005 சட்டம் அதைக் கட்டாயமாக்கியது, சோள விவசாயிகளுக்கும் சந்தை கிடைத்தது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஒரு லாபம் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. எத்தனாலின் ஆக்டேன் எண், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் எண், மிக உயர்ந்தது. அதனால் அமெரிக்காவில் 84 ஆக்டேன் அடிப்படைப் பெட்ரோலைத் தயாரித்து, 10 சதவீதம் எத்தனால் சேர்த்து 87 ஆக விற்கிறார்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி, விவசாயிக்கு விலை, ஆலைக்கு ஆக்டேன். குறைந்த கிலோமீட்டர் மட்டும் உங்கள் கணக்கில் எழுதப்படுகிறது. கலவைக்கு விலையைக் குறைத்துத் தந்தால்தான் நியாயம் என்பது என் கட்சி.

ஆனால் அந்தக் கோபத்தில் காரை விற்காதீர்கள். 7 சதவீத இழப்பு என்றே வைத்தாலும், வருடம் முழுவதற்கும் சேர்த்து ஒரு மாத பெட்ரோல் செலவைத் தொடாது. புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே அதைப்போல் பல மடங்கு மதிப்பிழக்கும்.

பங்கு விஷயம். எத்தனால் கம்பெனியின் லாபம் இரண்டு பேர் கையில் இருக்கிறது: கலப்பு விகிதத்தையும் கொள்முதலையும் முடிவுசெய்யும் அரசு, மூலப்பொருள் விலையை முடிவுசெய்யும் மழை. அமெரிக்காவின் பெரிய எத்தனால் நிறுவனங்களில் ஒன்றான வெராசன், கட்டாயக் கலப்பு நடைமுறையில் இருக்கும்போதே, சோள விலைக் கணக்கு தப்பி 2008 அக்டோபரில் திவாலானது. பெட்ரோல் பங்கில் விட்டதைப் பிடிக்கப் போய் இரண்டு இடத்திலும் விட வேண்டாம்.

மூன்று முறை நிரப்பிய கணக்கை அனுப்புங்கள். சராசரி 16.7க்கு மேல் வந்தால் எத்தனாலோடு சமாதானமாகிவிடலாம். 15லேயே நின்றால் எனக்கு எழுதுவதைவிட மெக்கானிக்கிடம் போவது நல்லது, முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.