முதலில் நாய்க்கு இடம், அப்புறம் உங்களுக்கு டிக்கெட்

கேள்வி: வேலை மாறி வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறோம். எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. அவனை விட்டுவிட்டுப் போகிற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் எல்லோருக்கும் ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிட்டோம், ஆனால் நாயைச் சேர்க்க அந்தத் தளத்தில் வழியே காணோம். இதற்கிடையே ஒரு கடையில், 'எல்லா ஏர்லைன்ஸும் அங்கீகரித்தது' என்று எழுதிய கூண்டைப் பார்த்தோம். வாங்கிவிடலாமா? கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பதில்: கூண்டு அப்புறம் வாங்கலாம். முதலில் விமான நிறுவனத்துக்குப் போன் போடுங்கள், இன்றைக்கே.

நாய் விமானத்தில் போக மூன்று வழிகள் உண்டு. சின்ன நாயாக இருந்தால், பையோடு உங்கள் காலடியில், முன் இருக்கைக்குக் கீழே. இல்லையென்றால், நீங்கள் போகிற அதே விமானத்தில், செக்-இன் லக்கேஜ் கணக்கில் அடித்தளத்தில், அதாவது பயணிகளுக்குக் கீழே இருக்கும் சரக்கு அறையில். மூன்றாவது, கார்கோ. அதில் நாய்க்கென்று தனி ரசீது போடுவார்கள், நீங்கள் கூடவே பயணம் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. லாப்ரடார் காலடியில் அடங்காது, ஆகவே உங்களுக்கு மிச்சம் இருப்பது பின்னிரண்டு வழிகள்தான். அடித்தளம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். அங்கேயும் பயணிகள் உட்காரும் பகுதியில் இருக்கும் அதே காற்றழுத்தம்தான். விலங்குகளை ஏற்றும் அறையில் வெப்பநிலையையும் கவனிக்கிறார்கள், உயிருள்ள விலங்கு ஏறியிருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் தகவல் போகிறது. விமானம் பறக்கும்போது இருப்பதைவிட, ஓடுதளத்தின் ஓரத்தில் வெயிலிலோ பனியிலோ காத்திருக்கும் நேரம்தான் நாய்க்கு ஆபத்து. அதனால்தான் தரையில் வெப்பம் சுமார் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ 7 டிகிரிக்குக் கீழே போனாலோ நாயை ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. கோடையில் போவதாக இருந்தால் இரவு விமானமோ அதிகாலை விமானமோ பாருங்கள். கூடுமானவரை நேரடி விமானமாக இருக்கட்டும்.

போனில் இதையெல்லாம் கேளுங்கள்: அந்தத் தேதியில், அந்த விமானத்தில் நாய்க்கு இடம் இருக்கிறதா? விமானத்தை உண்மையில் ஓட்டப்போவது எந்த நிறுவனம்? ஒரு நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் விற்று, இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றுவது சகஜம். அப்போது செல்லுபடியாவது ஓட்டுகிற நிறுவனத்தின் விதி. கூண்டின் உயரம் அந்த விமானத்தின் சரக்குக் கதவுக்குள் நுழையுமா? சிறிய விமானங்களில் பெரிய நாயின் கூண்டு நுழையாது. நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால், அந்த நாட்டின் விதி என்ன, இடைவேளையில் நாயைப் பார்த்துக்கொள்வது யார்? திரும்பி வரும் பயணத்துக்கும் தனியாக இடம் கேட்க வேண்டும். 'சரி, வாங்க, பார்த்துக்கலாம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். உங்கள் முன்பதிவிலேயே நாயையும் அதன் எடையையும் கூண்டின் அளவையும் பதிந்து, மின்னஞ்சலில் உறுதி அனுப்பச் சொல்லுங்கள். இடமில்லை என்றால், டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். நாயோடு போகிறவர்கள் வாங்க வேண்டிய வரிசையே வேறு. முதலில் நாய்க்கு இடம் உறுதியாக வேண்டும், அதற்கப்புறம்தான் மனிதர்களுக்கு டிக்கெட். விலை மலிவாகக் கிடைத்தது என்று முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்தவர்கள்தான் கடைசியில் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

அடுத்தது, இறங்கப்போகும் நாட்டின் விதிகள். நீங்கள் போகும் நாட்டின் பெயரைக் குறிப்பிடவில்லை. சில நாடுகளுக்கு இரண்டு மாதம் போதவே போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), அதோடு சேர்த்தோ அதற்குப் பிறகோ ரேபிஸ் தடுப்பூசி. ஊசிக்குப் பிறகு சிப் பொருத்தினால் அந்த ஊசியைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். முதல் ஊசி போட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். புறப்படும் நாடு ஒன்றியம் ஏற்ற நாடுகளின் பட்டியலில் இல்லையென்றால், ஊசி போட்டு 30 நாளாவது கழித்து, ஊசி பலன் தந்ததா என்று ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் நான்கு மாதத்துக்கு மேல் ஆகிறது. ரேபிஸ் உள்ள நாடுகளிலிருந்து ஜப்பான் போகும் நாய்க்கு, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. ஆஸ்திரேலியாவுக்குப் பெரும்பாலான நாடுகளிலிருந்து போகும் நாய், இறங்கியதும் அரசின் தனிமைக் கூடத்தில் குறைந்தது 10 நாள் இருக்க வேண்டும். பிரிட்டனுக்கு வான்வழியே நாயைக் கொண்டுபோனால், வழிகாட்டி நாய் போன்ற பணி நாய்களைத் தவிர மற்றவை கார்கோவில்தான் இறங்க முடியும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆறு மாதம் நிறையாத நாய்க்கு அனுமதியே இல்லை. சிப்பும், முன்கூட்டியே நிரப்பிய இறக்குமதிப் படிவத்தின் ரசீதும் கட்டாயம். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் தெரிந்தவர் போன வருடம் எப்படிப் போனார் என்பதை நம்பாதீர்கள். அந்த நாட்டு அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள்.

நாள் போதவில்லை என்றால், நீங்கள் முன்னால் போய்விட்டு நாயைப் பிறகு வரவழைக்கலாம். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் அது இருக்கட்டும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு 5 நாள் முன்பின்னுக்குள் நாயும் வந்தால்தான் அது செல்லப்பிராணிப் பயணம். அதைத் தாண்டினால் வணிக இறக்குமதியாகப் பார்ப்பார்கள், காகித வேலை கூடிவிடும். திரும்பி வந்து நீங்களே கூட்டிப்போவது சிலருக்கு இதைவிட மலிவாகவே முடியும்.

இப்போது கூண்டுக்கு வருவோம். அந்தக் கடைக்காரர் ஒட்டியிருக்கும் வாசகத்துக்கு மதிப்பில்லை. கூண்டுகளுக்கான அளவுகோலை வகுப்பது ஐஏடிஏ எனும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம். அது எந்த பிராண்டுக்கும் அங்கீகாரம் தருவதில்லை. கூண்டு சரியா என்பது உங்கள் நாயின் அளவைப் பொறுத்தது. ஒரே கூண்டு ஒரு நாய்க்குச் சரியாக இருக்கும், பக்கத்து வீட்டு நாய்க்குத் திருப்பி அனுப்பப்படும்.

நாயை நிற்க வைத்து டேப்பால் நான்கு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒன்று. தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை ஒன்று. தோள்பட்டையில் அகலம் ஒன்று. தரையிலிருந்து தலை உச்சி வரை, காது நிமிர்ந்து நின்றால் காது நுனி வரை, இன்னொன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் வரும். தோள் அகலத்தை இரட்டித்தால் கூண்டின் அகலம். நான்காவது அளவோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் உயரம். உதாரணமாக உங்கள் நாய் 80, 30, 25, 62 சென்டிமீட்டர் என்றால், கூண்டின் உட்புறம் நீளம் 95, அகலம் 50, உயரம் 62-க்கு மேல் விரிப்பு. கூண்டின் மேல் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளி அளவு. கடையிலேயே டேப்பை உள்ளே விட்டு அளந்து பாருங்கள்.

அப்புறம் கதவைப் பாருங்கள். அது உலோகத்தில் இருக்க வேண்டும், மேலும் கீழும் கம்பி பூட்டிக்கொள்ள வேண்டும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்ப்பது பிளாஸ்டிக் கிளிப் மட்டும் என்றால் அந்தக் கூண்டு வேண்டாம். உலோக போல்ட்டும் நட்டும் போட்டதாக வாங்குங்கள். நான்கு பக்கமும் காற்றுத் துளை, சக்கரம் இருந்தால் அதைக் கழற்றும் வசதி, கதவைத் திறக்காமலேயே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்ற வசதியான கிண்ணம், இவையும் வேண்டும். கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டால், ஏற்றி இறக்கும்போது சிந்தாது, போகப் போக உருகி நாய் நக்கிக்கொள்ளும். சரியான கூண்டு அமைந்ததும் சீக்கிரமே வாங்கி, கதவைத் திறந்து வீட்டின் நடுவில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டையும் தூக்கத்தையும் அதற்குள் பழக்குங்கள். பறக்கும் நாளன்று முதல்முறையாகக் கூண்டைப் பார்க்கும் நாய் படும் பாட்டுக்கு வேறு மருந்து கிடையாது.

இத்தனையையும் உங்களால் பார்க்க முடியாது என்றால் நாய்களை அனுப்பித் தரும் ஏஜென்சிகள் இருக்கின்றன. கார்கோ என்றால் பல நிறுவனங்கள் ஏஜென்ட் மூலமாகவே ஏற்கின்றன. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விமானக் கட்டணம், கூண்டு, மருத்துவச் சான்று, சுங்கம், இறங்கிய இடத்துச் செலவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பயணம் தள்ளிப்போனால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: என்னுடையது பக் நாய். எடை குறைவுதான், ஆனால் பயந்த சுபாவம். தூக்க மருந்து கொடுத்து அடித்தளத்தில் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: இரண்டுமே வேண்டாம். நாய் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலம்தான். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். பதற்றத்திலும் சூட்டிலும் அது இன்னும் திணறும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ல் வெளியிட்ட கணக்கில், 2005 மே முதல் விமானப் பயணங்களில் இறந்ததாகப் பதிவான 122 நாய்களில் ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு இனங்கள். அதனால்தான் பல நிறுவனங்கள் இவற்றை அடித்தளத்தில் ஏற்றவே மறுக்கின்றன. ஏற்கிற இடத்திலும் கூண்டு பத்து சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஐஏடிஏ சொல்கிறது.

தூக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், நாய் நிலைதடுமாறும், சூட்டைச் சமாளிக்கும் திறனும் போய்விடும். மயக்கத்தில் இருக்கும் நாயைப் பல நிறுவனங்கள் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடும். காலடியில் அடங்கும் அளவுக்கு உங்கள் நாய் சிறிதாக இருந்தால் மட்டும், மருத்துவரிடம் மூச்சுப்பாதையைக் காட்டிவிட்டு, உங்களோடு வைத்துக் கூட்டிப்போங்கள். அது முடியாது, போவதும் சில நாள் விடுமுறைக்குத்தான் என்றால், தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் எந்த இனமானாலும் சின்ன விடுமுறைக்கு நாயை அடித்தளத்தில் ஏற்றக் கூடாது.

கேள்வி: ஐந்து கிலோ நாய். இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோக அனுமதி கிடைத்துவிட்டது. வேறென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஐந்து கிலோ என்பது நாய் மட்டுமா, பையோடு சேர்த்தா? பல நிறுவனங்களின் வரம்பு பையோடு சேர்த்து 8 கிலோ, சிலவற்றில் அதற்கும் குறைவு. மென்மையான, கீழே நீர் கசியாத பையாக வாங்குங்கள். நாய் உள்ளே எழுந்து திரும்ப முடிய வேண்டும். அவசர வழி வரிசையிலும் முன் இருக்கை இல்லாத முதல் வரிசையிலும் இடம் எடுக்காதீர்கள்.

பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும்தான் எக்ஸ்ரே கருவிக்குள் போகும். நாயை வெளியே எடுத்து நீங்கள் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சத்தமும் கூட்டமுமாக இருக்கும் அந்த இடத்தில்தான் நாய்கள் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுகின்றன. மார்பையும் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ் போட்டு, வாரைக் கையில் சுற்றிக்கொண்ட பிறகே பையைத் திறங்கள். லேசான சாப்பாட்டை நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். மனத்துணை நாய் (உரிமையாளரின் மன ஆறுதலுக்காகக் கூடவே இருப்பது) என்று சான்றிதழ் விற்கும் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவிலேயே 2021 ஜனவரி முதல் அப்படிப்பட்ட நாய்களைப் பணி நாயாக ஏற்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை.

கேள்வி: நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் நஷ்ட ஈடு எவ்வளவு கிடைக்கும்?

பதில்: சட்டத்தின் கண்ணில் அது லக்கேஜ். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, லக்கேஜுக்கு ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். தொலைந்துபோன ஒரு நாய் தொடர்பான வழக்கில், செல்லப்பிராணியும் லக்கேஜில் அடக்கம்தான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையாளர் செக்-இன் செய்தபோது தனி மதிப்பு எதையும் அறிவித்திருக்கவில்லை.

செய்ய வேண்டியது அங்கேதான் இருக்கிறது. கவுண்டரில் நாயை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பு இவ்வளவு என்று சிறப்பு அறிவிப்பு செய்து, கூடுதல் கட்டணம் கேட்டால் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டால் வரம்பு அந்தத் தொகைக்கு உயரும். கவுண்டரில் இருப்பவருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒப்படைக்கும் முன் நாயையும், பூட்டிய கூண்டையும், கதவையும் நேரம் தெரியும்படி படம் எடுங்கள். நாய் திரும்பக் கைக்கு வந்ததும் அங்கேயே நடக்கவிட்டுப் பாருங்கள். காயமோ சோர்வோ தெரிந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகாரைப் பதிந்து நகல் வாங்குங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். லக்கேஜாகப் போன நாய்க்கு எழுத்துப் புகார் தர 7 நாள்தான் அவகாசம், கார்கோ என்றால் 14 நாள். வழக்குப் போட இரண்டு ஆண்டு.