ஸ்கூல் லீவு கேம்ப்ல வாலண்டியரா வர்றீங்களா? கேளுங்க, சொல்றேன்

பினாங்குல ஸ்கூல் லீவுக்கு பிள்ளைங்களுக்கு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கேம்ப் நடக்குது, அதுக்கு அப்பா அம்மா வாலண்டியர் வேணும்னு சொன்னதுல இருந்து கேள்வியா வந்து குவியுது. ரொம்ப வருஷமா இந்த வேலையைப் பார்க்கறதால பதில் சொல்றதை என் தலையில கட்டிட்டாங்க, வாங்க.

அக்கா, என் மகனுக்கு 6 வயசு. அவன் குரூப்லயே என்னைப் போடுவீங்களா? (ஆயர் ஈத்தாம்)

மாட்டோம்மா. அம்மா பக்கத்துல நின்னா பிள்ளை செருப்பைக் கூட தானா மாட்டாது, உங்களுக்கும் அவன் ஒருத்தன்தான் கண்ணுல படுவான், மத்த பிள்ளைங்களை யாரு பார்க்கறது? முதல் நாள் அழுவான், ஓடி வராதீங்க. முக்காவாசி பிள்ளைங்க காலை பலகாரம் வர்றதுக்குள்ள அடங்கிடுவாங்க.

ஆம்பளைங்களுக்கு அங்க என்னக்கா வேலை? (ஜெலுத்தோங்)

எல்லாருக்கும் ஒரே வேலைதான் தம்பி, தலை எண்றது. சிரிக்காதீங்க. பஸ் ஏறும்போது, இறங்கும்போது, டாய்லெட் போயிட்டு வந்ததும், சாப்பிட உக்காரும்போது. முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் நின்னு தனித்தனியா எண்ணணும், ஒருத்தர் நம்பரை மத்தவர் கேக்கறதுக்கு முன்னாடி எண்ணி முடிச்சிருக்கணும், ஏன்னா "இருபத்தி நாலு"ன்னு காதுல விழுந்துட்டா நம்ம வாயும் இருபத்தி நாலுன்னுதான் சொல்லும். தண்ணிமலை பூங்காவுக்கு, அதான் பொட்டானிக்கல் கார்டனுக்குப் போற நாள்ல ரொம்ப உஷாரா இருக்கணும், 1884ல உண்டாக்கின தோட்டம், மரமெல்லாம் அருமையா இருக்கும், ஆனா பிள்ளைங்க கண்ணு குரங்கு மேலதான். பிளாஸ்டிக் பை சரசரன்னு சத்தம் கேட்டாலே குரங்கு வந்துடும், அதனால பலகாரமெல்லாம் ஜிப் போட்ட பைக்குள்ள இருக்கட்டும். குரங்குக்கு சாப்பாடு போடறது அங்க தடை, முதல்ல பெரியவங்க போடாம இருங்க. இடி சத்தம் கேட்டா உடனே எல்லாரும் கட்டடத்துக்குள்ள, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகற வரைக்கும் யாரும் வெளிய வரக் கூடாது, மழை விட்டுடுச்சேன்னு பிள்ளைங்க கெஞ்சினாலும் சரி.

ஐசி (அடையாள அட்டை) நம்பர் எதுக்கு கேக்கறீங்க? எங்களை சந்தேகப்படறீங்களா? (பட்டர்வொர்த்)

அண்ணே கோவிச்சுக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறோம், என்கிட்டயும் வாங்கினாங்க. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்துக்குன்னு 2017ல தனி சட்டமே வந்துச்சு, அந்த மாதிரி கேஸ்ல தண்டனை வாங்கினவங்க பதிவு சமூக நல இலாகாகிட்ட இருக்கு, அதுல பார்க்கத்தான் நம்பர். இன்னொண்ணு, எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் கதவு சாத்தின இடத்துல ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது. டாய்லெட்டுக்கு ரெண்டு ரெண்டு பிள்ளையா அனுப்பி, நீங்க வாசல்ல நில்லுங்க. இது உங்களுக்கும் பாதுகாப்புதான்.

நாசி லெமாக் செஞ்சு எடுத்துட்டு வரட்டுமாக்கா? (பிறை)

ஆசைக்கு நன்றி தங்கச்சி, ஆனா வேணாம். கச்சான் (வேர்க்கடலை) அலர்ஜி உள்ள பிள்ளைங்க இருக்காங்க, பொட்டலத்துல இருந்து கச்சானை மட்டும் பொறுக்கிப் போட்டா பத்தாது. சம்பல்ல நெத்திலி, சைவப் பிள்ளைங்க தொட மாட்டாங்க. சந்தான் (தேங்காய்ப்பால்) சோறு காலையில கட்டினா இந்த சூட்டுல மத்தியானம் வரைக்கும் தாங்காது. சைவ மீகூன் கோரெங் (வறுத்த அரிசி சேமியா) போதும், எல்லாரும் சாப்பிடுவாங்க. யாருக்கு எது ஆகாதுன்னு லிஸ்ட் கிச்சன் கதவுல ஒட்டியிருக்கும், பாத்திரம் தொடறதுக்கு முன்னாடி படிங்க.

வெயில், புகைமூட்டம்னா விளையாட்டு உண்டா?

வானிலை இலாகா 3 நாள் தொடர்ந்து 35 டிகிரி தொட்டாலே எச்சரிக்கை போடுவாங்க, அப்போ வெளி விளையாட்டெல்லாம் காலையிலயே முடிஞ்சிடும். காத்து ஏபிஐ, அதான் காத்து மாசு அளவு, 100 தாண்டினா ஹால் உள்ளதான்.

பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா பனடால் கொடுக்கலாமா?

நீங்களா கொடுக்காதீங்க. இன்சார்ஜ்கிட்ட சொல்லுங்க, அவங்க வீட்டுக்குப் போன் போடுவாங்க. உள்ளங்கை, பாதம், வாயில கொப்புளம் இருந்தா கை கால் வாய் நோயா இருக்கலாம், பிள்ளையை உடனே தனியா உக்கார வைங்க, அன்னிக்கே வீட்டுக்கு.

முழு நாள் லீவு கிடைக்காதுக்கா, பாதி நாள் வரலாமா?

தாராளமா. மத்தியானம் 12ல இருந்து 2 வரைக்கும்தான் எங்களுக்கு ஆளு பத்தாது, சாப்பாடு, கை கழுவறது, பாத்திரம்னு எல்லாம் ஒண்ணா வரும். ஆனா வரேன்னு பேரு கொடுத்துட்டு காலையில வாட்ஸ்அப்ல சாரி போடறதுதான் ஆகாது, முதல் நாள் ராத்திரியே சொல்லிட்டா வேற ஆள் பார்த்துடுவோம். ஆபீஸ் சட்டையோட வந்தாலும் பரவாயில்லை, சிலிப்பர் மட்டும் வேணாம், ஷூ போட்டுட்டு வாங்க.