கடல் கருவிகள் ஹரிக்கேன் கணிப்புக்கு உதவுகின்றனவா? கேள்வி பதில்

கேள்வி: செயற்கைக்கோள்தான் கடலின் சூட்டை அளக்கிறதே, அப்புறம் தண்ணீருக்குள் எதற்குக் கருவிகள்?

அகச்சிவப்பில் பார்க்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மேல்தோல் மட்டும். ஹரிக்கேனோ, அதாவது அட்லாண்டிக் பக்கம் வரும் கடும் புயலோ, கடலைக் கலக்கி அடித்தண்ணீரை மேலே கொண்டுவரும். அது குளிர்ந்திருந்தால் புயலுக்குத் தீனி குறையும். ஆழம்வரை வெதுவெதுப்பாக இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் சூடு பெரிதாக இறங்காது. 2005-ல் கத்ரீனா புயல் மெக்சிகோ வளைகுடாவில் மிக உச்சமான ஐந்தாம் வகைக்கு ஏறியது, அங்கே ஓடும் லூப் நீரோட்டத்தின் ஆழமான வெதுவெதுப்பு நீரின் மேல் போனபோதுதான்.

கேள்வி: ஒரு கருவியால்தான் கணிப்பு மேம்பட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்? தற்செயலாகவும் இருக்கலாமே?

ஒரே புயலுக்கு ஒரே கணினி மாதிரியை, அதாவது புயலைக் கணக்கிட்டுக் கணிக்கும் நிரலை, இரண்டு முறை ஓட்டுவோம். ஒருமுறை அந்தக் கருவியின் தரவைக் கொடுத்து, மறுமுறை அதை மட்டும் மறைத்து. 2014-ல் கோன்சாலோ புயல் வந்தபோது கரீபியன் தீவான புவேர்ட்டோ ரீக்கோவுக்கு வடக்கே ஒரு கிளைடர், அதாவது ஆளில்லாமல் நீருக்குள் நகரும் கருவி, கடலுக்குள் இறங்கி ஏறி அளந்துகொண்டிருந்தது. அங்கே உப்பு குறைந்த, எடை குறைந்த நீர் மேலே படர்ந்திருந்தது. அது கீழ்நீரோடு லேசில் கலக்காது, அதனால் புயலின் கீழே கடல் அவ்வளவாகக் குளிரவில்லை. கிளைடர் தரவைச் சேர்த்ததும் மாதிரியில் அந்த அடுக்கு சரியாக அமைந்தது, காற்றின் வேகக் கணிப்பும் உண்மையை நெருங்கியது.

ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு புயலை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. பல புயல்களிலும் பல தொடக்க நேரங்களிலும் ஓட்டிப் பார்த்தால்தான் நம்பலாம்.

கேள்வி: புயலின் பாதையும் துல்லியமாகுமா?

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பாதையைப் பெரும்பாலும் இழுத்துச் செல்வது சுற்றியுள்ள காற்றோட்டம். கடல் தரவின் பலன் வலிமைக் கணிப்பில்தான்.

கேள்வி: உலகக் கடல்களில் மிதந்து அளக்கும் ஆர்கோ மிதவைகள் ஏறக்குறைய 4000 இருக்கின்றனவே, போதாதா?

ஒரு மிதவையை நினைத்துப் பாருங்கள். 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பிறகு 2000 மீட்டருக்கு இறங்கி, அளந்துகொண்டே மேலே வரும். இந்தச் சுற்றுக்கு வழக்கமாகப் பத்து நாள் ஆகும். அதற்குள் புயல் வந்தே போய்விடலாம். உலகக் கடலை அறிய ஆர்கோவுக்கு ஈடில்லை. புயலின் வழியில் மட்டும் அளக்க கிளைடரும், விமானத்திலிருந்து போடும் வெப்பமானிகளும் வேண்டும்.

கேள்வி: இன்னும் வாங்காத கருவியின் பலனை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியும். ஒரு நல்ல மாதிரியை நீண்ட நாள் ஓட்டி, அதையே உண்மைக் கடல் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வரப்போகும் கருவி அளப்பதுபோல், பிழையையும் கலந்து, தரவு எடுத்து வேறொரு மாதிரிக்குக் கொடுப்போம். வேறொன்றாக இருப்பது மிக முக்கியம். இரண்டும் ஒன்றேயானால் பலன் மிகையாகத் தெரியும், அதை நம்பிப் பணம் போடுவது தவறு. இருக்கும் கருவிகளை இதே முறையில் சோதித்து, விடை நிஜத் தரவைக் கொடுத்தும் மறைத்தும் ஓட்டிய சோதனையோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கடல் தரவு எப்போதும் புயலைப் பலமாகத்தான் காட்டுமா?

இல்லை. 2011-ல் ஐரீன் புயல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியை நெருங்கியபோது, புயலின் கண் வந்து சேரும் முன்பே கரையோரக் கடல் குளிர்ந்துவிட்டதை அங்கிருந்த கிளைடர் பதிவு செய்தது. கீழே கிடந்த குளிர்நீர் கலந்து மேலே வந்ததே காரணம். கணித்ததைவிட ஐரீன் வலுவிழந்துதான் கரைக்கு வந்தது.